எழுதிப் பிழைக்கலாமா?

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்னரும் ஒரு தாய் மட்டும் ஆலய முற்றத்திலேயே நின்றுகொண்டிருந்தார். காயல்பட்டினத்துக் கடலோரக் குடியிருப்பைச் சேர்ந்தவர். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் ஏழு குறிப்பேடுகள்.

“சாமி, எம் மவன் வேலைய விடப் போறேங்கான். எழுதியே பொழச்சுக்கிடுவானாம். நீங்க சொன்னா கேப்பான். கொஞ்சம் புத்தி சொல்லுங்க சாமி.”

மகனை நாம் அறிவோம். வணிகவியல் பட்டதாரி, தூத்துக்குடியில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறார். அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. அக்காளின் திருமணத்திற்கு வாங்கிய கடனும் அதில்தான் மாதாமாதம் அடைபட்டு வருகிறது. பணிவிலகல் கடிதத்தை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார், இன்னும் கொடுக்கவில்லை. இத்தனையையும் சொல்லி முடித்த தாய், குறிப்பேடுகளை நம்மிடம் கொடுத்துவிட்டுக் கண்களைத் துடைத்துக்கொண்டு போனார்.

புத்தி சொல்வது எளிது. படித்துப் பாராமல் சொல்வது அதனினும் எளிது. அந்த எளிய வழியில் செல்ல மனம் ஒப்பாமல், நான்கு இரவுகள் உட்கார்ந்து ஏழு குறிப்பேடுகளையும் படித்தோம்.

சென்னை மாநகரத்துக் காதல் கதைகள் இருந்தன. துப்பறியும் கதைகள் இருந்தன. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஒரு குறுநாவலும் இருந்தது. பையனுக்கு மொழி வசப்பட்டிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் எல்லாம் எங்கோ படித்தவையாகவே தோன்றின. ஆறாவது குறிப்பேட்டில், நடுப்பக்கங்களில், தலைப்புக்கூட இல்லாமல் இரண்டரைப் பக்கம் எழுதப்பட்டிருந்தது. 1961ஆம் ஆண்டு தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது இளைஞராக இருந்த அவருடைய பாட்டனார், கல்லைக் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு கடலடிக்கு இறங்கிய கதை. மேலே தோணியில் கயிற்றைப் பிடித்து நின்றவர் தம் தங்கை கணவர் என்பதனால், அவருடன் அந்தப் பருவம் முழுவதும் சண்டையே போடவில்லை என்று பாட்டனார் சொன்னதாக ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டு நாம் விளக்கை அணைக்கவில்லை. மீண்டும் முதலிலிருந்து படித்தோம்.

இனி, அந்த இளைஞரிடம் நாம் பேசியவற்றையே இங்கே எழுதுகிறோம். நம் பங்குகளில் எழுத்தார்வம் கொண்ட பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். அவர்களைக் கண்டு அஞ்சும் பெற்றோரும் இருக்கின்றனர். இரு சாராருக்கும் இது பயன்படக்கூடும்.

நின்ற இடத்தில் தொடங்குக

முதலில் நம் சொந்தப் பிழையையே அவரிடம் சொன்னோம். குருமடத்தில் தத்துவம் பயின்ற நாளில் நமக்கும் எழுத்துப் பித்து இருந்தது. ஐரோப்பிய நகரமொன்றில் பனி பொழியும் இரவில் நிகழ்வதாக ஒரு சிறுகதை எழுதி, வார இதழ் ஒன்றுக்கு அனுப்பினோம். பனிமழையை நாம் படத்தில்தான் பார்த்திருந்தோம். கதை திரும்பி வந்தது. மூன்று மாதங்கள் எவருடனும் சரியாகப் பேசாமல் திரிந்தோம். மழை பெய்யாத ஊரில் உப்பளத் தொழிலாளர் ஏன் மழைக்கு அஞ்சுகின்றனர் என்று எழுதியிருந்தால், அந்த ஆசிரியர் ஒருவேளை படித்திருப்பார். அது நமக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கிற்று.

நாம் வாழும் கரை எழுத்துக்கு ஏழைக் கரையன்று. காயல் துறைமுகத்தைப் பற்றி மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதியிருக்கிறார். இதே காயல்பட்டினத்து இஸ்லாமியச் சகோதரர்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதும் மரபை வளர்த்தவர்கள். திருப்புகழ் பாடிய காசிம் புலவர் இவ்வூரார். நமக்கு வடக்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில்தான் அண்டிரிக் அடிகளார் என்னும் என்ரீக்கே என்ரீக்கசு அடிகளார் வாழ்ந்தார். 1547இல் இக்கரைக்கு வந்த அவர், தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளரின் வாயையே நம்பியிருந்தார். அது போதாது என்று கண்டு, தாமே தமிழ் கற்று இலக்கணமும் எழுதினார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறு நூல்தான், தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் மிகப் பழையது. அவருடைய பெரிய நூலாகிய ‘அடியார் வரலாறு’ 1586இல் வெளிவந்தது. அந்த அச்சுப் பணிக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறை மக்கள். படிப்பறிவு அரிதாயிருந்த நாளில், கடலில் மூழ்கி ஈட்டிய காசை நம் முன்னோர் அச்செழுத்துக்குக் கொடுத்தனர் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

அண்மைக் காலத்திற்கு வருவோம். குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டினத்தில் 1944இல் பிறந்தவர் தோப்பில் முகமது மீரான். திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வணிகம் செய்து குடும்பத்தைக் காத்தவர். அவர் தம் ஊரின் தெருக்களையும் பேச்சையும் வைத்து எழுதிய ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ முதலில் ‘முஸ்லிம் முரசு’ என்னும் சமுதாய இதழில் தொடராக வந்து, 1988இல் நூலாயிற்று. 1997இல் ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்குச் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. கடையை அவர் பூட்டிவிட்டு எழுதவில்லை. உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் கப்பல் வணிகத் துறையில் பணிபுரிந்துகொண்டே 2004இல் ‘ஆழி சூழ் உலகு’ நாவலைத் தந்தார். ‘கொற்கை’ நாவலுக்காக 2013இல் அதே விருதைப் பெற்றார்.

இருவரும் எழுதியது தாம் பிறந்த கரையை. இருவருக்கும் வேறு பிழைப்பு இருந்தது. இந்த இரண்டையும் ஒருசேரக் கவனிக்கும்படி அந்த இளைஞரைக் கேட்டுக்கொண்டோம்.

இரு நண்பர், இரு வழி

“அப்படியானால் எழுத்தையே நம்பி வாழ்ந்தவர் எவரும் இல்லையா?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடையாக, நம் மாவட்டத்திலேயே கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் என்னும் சிற்றூரின் வரலாற்றைச் சொன்னோம்.

1923ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஒரு வார இடைவெளியில், அவ்வூரில் இரு குழந்தைகள் பிறந்தனர். ஒருவர் கி. ராஜநாராயணன், மற்றவர் கு. அழகிரிசாமி. இருவரும் இளமை நண்பர்கள். இருவருக்கும் இலக்கியமும் இசையும் உயிர்.

அழகிரிசாமி கையிலிருந்த அரசுப் பணியை உதறிவிட்டுச் சென்னைக்குச் சென்றார். பத்திரிகைகளில் பணி செய்தார், கதைகள் எழுதினார், மாக்சிம் கார்க்கியின் எழுத்துக்களைத் தமிழாக்கினார், பழைய நூல்களைப் பதிப்பித்தார். 1952 முதல் 1957 வரை மலேயா சென்று கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் இருந்தார். திரும்பி வந்து, மீண்டும் பத்திரிகை, மீண்டும் பதிப்புப் பணி. ‘ராஜா வந்திருக்கிறார்’ போன்ற கதைகளை எழுதிய கை அது. 1970ஆம் ஆண்டு ஜூலையில், நாற்பத்தாறு வயதில் காலமானார். ‘அன்பளிப்பு’ தொகுப்புக்கான சாகித்திய அக்காதெமி விருது அவர் மறைந்த பின்னரே வந்தது.

கி. ராஜநாராயணன் ஊரிலேயே இருந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்; கரிசல் காட்டில் உழவு செய்தவர். ‘மாயமான்’ என்னும் கதை ‘சரஸ்வதி’ இதழில் 1958இல் வந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. உழவர்கள் பேசிய சொற்களைத் திரட்டிக் கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே உண்டாக்கினார். நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தொகுத்தார். பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியர் பொறுப்பில் அமர்த்திற்று. 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு விருது பெற்று, தொண்ணூற்றேழாம் வயதில், 2021இல் மறைந்தார்.

இதைக் கேட்டதும், ஊரில் இருந்தவரே கெட்டிக்காரர் என்று முடிவுகட்டிவிடலாகாது. அழகிரிசாமி சென்னைக்குப் போகாமல் இருந்திருந்தால் தமிழுக்குச் சில அரிய கதைகள் கிடைத்தே இரா. நண்பருக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்று நூலாகியுள்ளன. பட்டணத்தில் பேனாவை நம்பி வாழ்வது எத்தகையது என்று அறிய விரும்புவோர் அவற்றைப் படிக்கலாம். நாம் சொல்ல வந்தது வேறு. அழகிரிசாமியின் வழியில் செல்பவர், கதையெழுதும் கையாலேயே மொழிபெயர்க்கவும், பிழைதிருத்தவும், பிறர் எழுத்தைச் செப்பனிடவும் ஆயத்தமாயிருக்க வேண்டும். கதைக்கு வரும் பணத்தில் மட்டும் அடுப்பெரிந்த வீடுகள் தமிழ்நாட்டில் மிகச் சில.

எவ்வாறு இறங்குவது?

எந்த அலுவலகத்திலும் சம்பளத்துக்கு அமராமல், எழுதும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பணம் பெறுபவரைத் தன்னுரிமை எழுத்தாளர் என்பர். இத்தொழிலும் மீன்பிடித் தொழிலைப் போன்றதே. ஒரு நாள் வலை நிறையும். பத்து நாள் வெறுங்கையோடு கரையேற நேரும். ஆகவே அந்த இளைஞருக்குச் சில ஒழுங்குகளைச் சொன்னோம்.

ஒன்று: ஓர் இதழுக்கு எழுதுமுன் அதன் ஆறு இதழ்களையாவது வாங்கிப் படிக்க வேண்டும். எத்தனை பக்கக் கட்டுரை போடுகிறார்கள், யாருக்காகப் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வீட்டுச் சமையல் இதழுக்குக் கப்பல் வரலாற்றை அனுப்பிவிட்டு ஆசிரியரை நொந்து பயனில்லை.

இரண்டு: முதலில் சிறியதாக எழுதுக. பெயர் அறியாத ஒருவரின் நாவலைப் படிக்க ஆசிரியருக்கு நேரமிராது. இரண்டு பக்கக் கட்டுரையைப் படித்துவிடுவார். முன்னாளில் தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதித் தபாலில் அனுப்பினோம். இன்று மின்னஞ்சல் வந்துவிட்டது. ஆனால் பிழையின்றி எழுதி, பெயரும் முகவரியும் குறித்து, படியொன்றை வைத்துக்கொண்டு அனுப்பும் ஒழுங்கு மாறவில்லை. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது முறையன்று. இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு கதவுகளும் அடைபடும்.

மூன்று: ஒரு கணக்கேடு வேண்டும். எந்த நாளில் எதை அனுப்பினோம், எப்போது திரும்பியது, எப்போது வெளிவந்தது, என்ன கொடுத்தார்கள் என்று எழுதுக. “கணக்கெழுதுவதுதானே உன் தொழில்! அதை ஏன் வெறுக்கிறாய்?” என்று கேட்டபோது பையன் முதன்முறையாகச் சிரித்தார்.

நான்கு: சிறு வேலைகளை இகழலாகாது. ஆலய நூற்றாண்டு மலர்கள், பள்ளி மலர்கள், முதியோரின் நினைவுக் குறிப்புகள், மொழிபெயர்ப்பு, அச்சுப்படி திருத்தம் ஆகிய யாவும் எழுத்தாளர் செய்யக்கூடிய வேலைகளே. நம் பங்குகளிலேயே எத்தனையோ மலர்கள் பிழை மலிந்து வெளிவருகின்றன. அவற்றைச் செப்பமாகச் செய்து தருபவருக்கு உரிய கூலி கொடுக்கப் பங்குப் பேரவைகளும் பழக வேண்டும். “நம்ம பையன்தானே, சும்மா செய்து தருவான்” என்ற எண்ணம் நம்மிடமும் இருந்தது. இப்போது இல்லை.

ஐந்து: எழுத்தில் வரும் வருவாய், தொடர்ந்து ஓராண்டு, வீட்டுச் செலவின் பாதியையாவது தாங்கும் வரையில் வேலையை விடலாகாது. விடும்போதும், ஆறு மாதச் செலவுக்கான பணம் கையிருப்பில் இருக்க வேண்டும். இது சட்டமன்று, கடன் உள்ள வீட்டுக்கு நாம் வகுத்துக் கொடுத்த அளவு.

உரிமையைக் கைவிடாதீர்

இங்கே நம் இரண்டாவது பிழையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நாம் எழுதிய கட்டுரைகள் சிலவற்றைச் சிறு நூலாக்கித் தருவதாக ஒருவர் வந்தார். தாளொன்றை நீட்டினார், மகிழ்ச்சி மிகுதியில் படியாமலே கையொப்பமிட்டோம். நூல் வந்தது. விற்றது. நமக்கு ஐந்து படிகள் வந்தன. மறுபதிப்பில் நம் பெயரே இல்லை. கேட்டபோது, கையெழுத்திட்ட தாளைக் காட்டினார். குற்றம் அவருடையது மட்டுமன்று. படியாமல் ஒப்பமிட்ட நமக்கும் அதில் பங்குண்டு.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுதுபவருக்குத் துணை நிற்கிறது. எழுதியவரே படைப்பின் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு அமர்ந்து எழுதும் பத்திரிகை ஊழியருக்கு நிலை வேறு. தன்னுரிமை எழுத்தாளர் எழுத்தில் மாற்றிக் கொடுத்தாலன்றி உரிமை அவரிடமே இருக்கும். வாய்ச்சொல்லால் உரிமை மாறாது. கையொப்பமிட்ட ஆவணம் வேண்டும். அதில் எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்பன குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் கொள்ளும். எழுத்தாளர் மறைந்த பின்னரும் அறுபது ஆண்டுகள் அவ்வுரிமை குடும்பத்தாரைச் சேரும்.

நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் 1921இல் மறைந்தபோது குடும்பத்துக்குச் செல்வம் எதையும் வைத்துச் செல்லவில்லை. அவர் எழுத்தின் உரிமை கைமாறிக் கைமாறிச் சென்று, 1949இல் அரசு அதை வாங்கிய பின்னரே நாட்டுக்குப் பொதுவாகும் வழி பிறந்தது. எழுதியவை நிலபுலனைப் போன்ற சொத்து என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். வீட்டுப் பத்திரத்தைப் படியாமல் எவரும் ஒப்பமிடுவதில்லை. எழுத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

வீட்டாருக்கு

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை எழுதுகிறான் என்றால் கெட்டுப்போகிறான் என்று பொருளன்று. அவன் எழுதியதை ஒரு முறையாவது படித்துப் பாருங்கள்; படிக்க இயலாதோர், படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தாயிடமும் இதையே சொன்னோம். “எனக்கு என்ன சாமி தெரியும்?” என்றார். “உங்க அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறான். உங்களுக்குத் தெரியாதா?” என்றோம். அவர் பேசாமல் நின்றார். தம் தந்தையைப் பற்றி மகன் எழுதியிருப்பது அதுவரை அவருக்குத் தெரியாது.

பணிவிலகல் கடிதத்தைக் கிழித்துப் போடும்படி நாம் சொல்லவில்லை. அதைக் குறிப்பேட்டுக்குள் வைத்துவிட்டு, ஆறாவது குறிப்பேட்டின் இரண்டரைப் பக்கத்தைச் செப்பனிட்டு எழுதும்படி மட்டுமே சொன்னோம். அனுப்புவதற்கு முன் பாட்டனாரிடம் படித்துக் காட்டவேண்டும் என்பது ஒரே நிபந்தனை.

எண்பதைக் கடந்த அந்தப் பெரியவர் திண்ணையில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தோணிகள் கச்சான் காற்றில் பாய் விரித்துக் கரை திரும்பின என்ற இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “ஏலே, கச்சான் கரையிலேருந்து வீசுத காத்து. அதுல கடலுக்குப் போவலாம். கரைக்கு எப்படி வருவ? கொண்டல் கிளம்புனப் பொறவுதாம்ல திரும்புனோம்!” என்று அதட்டினார். பிறகு, எழுதாமல் விட்ட இன்னும் எத்தனையோ செய்திகளைச் சொல்லத் தொடங்கிவிட்டார். விளக்கு வைத்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. இரண்டரைப் பக்கம் ஆறு பக்கமாயிற்று.

கட்டுரை முதல் இதழிலிருந்து திரும்பி வந்தது. இரண்டாம் இதழ் ஐந்து மாதம் கழித்து வெளியிட்டது. வந்த தொகை ஒரு வாரத்து மீன்செலவுக்குக் காணும். பையன் இன்றும் அதே அலுவலகத்தில் கணக்கெழுதுகிறார். விடுமுறை நாள்களில், கையில் குறிப்பேட்டுடன், சங்கு குளித்த முதியவர்களைத் தேடிக் கரையோரமாகப் புன்னைக்காயல் வரையில் சென்று வருகிறார். கணக்கேட்டில் இதுவரை ஒன்பது பதிவுகள். அவற்றுள் நான்கு வெளிவந்துள்ளன. வேலையை என்று விடுவார், விடுவாரா என்பதை அந்தக் கணக்கேடே அவருக்குச் சொல்லட்டும்.

சென்ற மாதம் அந்தத் தாய் மீண்டும் வந்தார். இம்முறையும் கையில் துணிப்பை. அவ்விதழை எடுத்து நீட்டி, “அப்பா இத தலமாட்டுலயே வச்சிருக்காவ சாமி. வாறவங்களையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேக்காவ. கிழிஞ்சு போவுது. இதுக்கு அட்டை போட்டுத் தருவீங்களா?” என்று கேட்டார்.

போட்டுக் கொடுத்தோம்.